வந்த ரயில், போன ரயில், வரப்போகும் ரயில்

அவ்வையார் அதியமானுக்காகத் தகடூரிலிருந்து காஞ்சிக்குத் தூது போனபோது நேர் ரயில் கிடையாது. அதற்காகச் சங்க காலத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அதே தகடூர்க்காரர், அதாவது இன்றைய தர்மபுரிக்காரர், சென்னைக்குக் கிளம்பினால் முதலில் மொரப்பூருக்கு பஸ் ஏறுகிறார். முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே இறங்கி, பெட்டியும் பிள்ளையுமாக, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் ரயிலுக்குக் காத்திருக்கிறார். தர்மபுரியில் ரயில் நிலையம் இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதில் ஏறினால் பெங்களூருக்குப் போகலாம், சேலத்துக்குப் போகலாம். சென்னைக்குத்தான் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். அவ்வைக்காவது ஒரு நெல்லிக்கனி கிடைத்தது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில், 1906 முதல் 1941 வரை, முப்பத்தைந்து வருஷம் தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் ரயில் ஓடியது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓடிய ரயிலைப் பிடுங்கியதும், பிடுங்கிய இடத்தில் மறுபடி போடுகிறோம் என்று சொல்வதும், சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை ஓட்டியதும்தான் இங்கே கதை. இதில் பயணி துணைப் பாத்திரம். கதாநாயகன் சரக்கு.

ஆரம்பத்திலிருந்து வருவோம். மெட்ராஸ் ரயில்வே என்று ஒரு கம்பெனி. லண்டனில் பங்கு விற்று, இந்தியாவில் தண்டவாளம் போட்ட கம்பெனி. அதன் வியாபார முறையைக் கேட்டால் இன்றைய ஸ்டார்ட்-அப் முதலாளிகள் அழுதுவிடுவார்கள். முதலீட்டுக்கு ஐந்து சதவீதம் லாபம் உத்தரவாதம். ரயில் நிறைய ஓடினாலும் ஐந்து, காலியாக ஓடினாலும் ஐந்து. குறைகிற காசை இந்தியக் குடியானவனின் வரிப் பணத்திலிருந்து சர்க்கார் எடுத்துக் கொடுக்கும். நஷ்டமே வராத தொழிலை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்பதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்த நஷ்டம் நம் வீட்டுக்கு வந்தது.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்ட அந்தப் பாதை, மேற்கே நகர்ந்து ஜோலார்பேட்டை வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கை திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலம் பக்கம் இறங்கியது. இன்னொரு கை குப்பம் வழியாக ஏறி 1864இல் பெங்களூர் கன்டோன்மென்ட்டைத் தொட்டது. இப்போது வரைபடத்தை எடுத்து அந்த இரண்டு கைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, தலைமாட்டில் ஓசூர். பழைய பாராமகால் கிட்டத்தட்ட முழுசாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கையும் இந்த மூன்று ஊரையும் தொடவில்லை.

இத்தனைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரியாத ஊர் இல்லை இது. 1792இல் திப்புவிடமிருந்து சண்டை போட்டு வாங்கிய நிலம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வருஷக்கணக்கில் குதிரையில் சுற்றி, வயல் வயலாக அளந்து, குடியானவன் பெயருக்கு நேரே தொகை எழுதிய நிலம். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் சோதனைச்சாலை இதுதான். வரி எந்தச் சந்திலிருந்து வரும் என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்களின் வாரிசுகளுக்கு, ரயில் எந்தப் பக்கம் போகலாம் என்று மட்டும் தெரியாமல் போனது.

அப்புறம் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. நாட்டார் பாட்டிலும் பாட்டி கதையிலும் இன்னும் உயிரோடு இருக்கிற பஞ்சம். அன்றைய சேலம் ஜில்லாவில்தான் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் மக்கள் தொகை 19 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். 1881இல் எண்ணியபோது 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து வருஷத்தில் கூட வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது.

அந்த நேரத்தில் ஆண்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1877 ஜனவரி 1ஆம் தேதி வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். விக்டோரியா ராணிக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பட்டம். ராணி வரவில்லை, பட்டத்தை இங்கிருந்தே கட்டிவிட்டார்கள். ஒரு வார விருந்து, விருந்தினர் 68,000 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாண கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவும் போயிருந்தார். பந்தி முடிந்ததும் லிட்டனுக்குத் தெற்கே ஏதோ பஞ்சம் என்பது ஞாபகம் வந்து, சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பி வைத்தார்.

இந்த டெம்பிளின் கதை தனி ரகம். 1873-74 வங்காளப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, அதிகச் சாவு இல்லாமல் சமாளித்தவர் அவர். அதற்குப் பாராட்டுக் கூட்டம் போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. எதற்கய்யா இவ்வளவு செலவு செய்தாய் என்று திட்டினார்கள். உயிரைக் காப்பாற்றியதற்குத் திட்டு வாங்கிய மனிதர் திருந்திவிட்டார். சென்னைக்கு வந்ததும் நிவாரண வேலை செய்யும் ஆம்பிளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சட்டம் போட்டார். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு அரை கிலோ கூட இல்லை. இதைத் தின்றுவிட்டு ஒருவன் வேலையும் செய்து உயிரோடும் இருக்க முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துப் படியைக் கொஞ்சம் ஏற்றினார்கள்.

பஞ்சம் ஓய்ந்ததும் சர்க்கார் எப்போதும் செய்வதைச் செய்தது. கமிஷன் போட்டது. ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் கூடி, 1880இல் அறிக்கை கொடுத்தார்கள். உடனடியாக 5,000 மைல் ரயில் பாதை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பஞ்சத்தில் தானியம் போய்ச் சேராது என்றது அறிக்கை. ரயில் இருந்த ஊர்களிலும் ஜனங்கள் செத்தார்களே, தானியம் இருந்தும் வாங்கக் காசில்லாமல் செத்தார்களே என்று கேட்டால், அது வேறு இலாகா. 'பஞ்சத் தடுப்பு ரயில்' என்று ஒரு இனமே உருவானது. லாபம் வராது என்று தெரிந்தே, ஜனங்கள் சாகாமலிருக்கப் போடுகிற பாதை. கேட்கக் கண் கலங்கும்.

அப்படி நம் ஊருக்கு வந்த 'உடனடி' எப்போது வந்தது? திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல். அறிக்கைக்குப் பிறகு இருபத்தைந்து வருஷம். பஞ்சத்தில் பிழைத்த குழந்தை கல்யாணம் கட்டி, அதன் குழந்தையை ரயில் பார்க்க இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப் போதுமான அவகாசம்.

வந்ததே, அதிலும் ஒரு சிக்கனம். மெயின் லைன் அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போட்டது இரண்டரை அடி, 762 மில்லிமீட்டர். பாதிக்கும் குறைவு. பஞ்சம் பிடித்த ஊருக்கு ஒல்லியான ரயில் போதும் என்று முடிவு செய்திருப்பார்கள் போலிருக்கிறது. குறுகிய பாதைக்குத் தண்டவாளம் லேசு, பாலம் சின்னது, வளைவைக் கூர்மையாக வளைக்கலாம், செலவு மிச்சம். எல்லாம் சரி. ஆனால் அந்த வண்டி மொரப்பூரில் வந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற மெயின் லைன் வேகனின் தண்டவாளத்தில் அது போக முடியாது, அந்த வேகன் இதன் தண்டவாளத்துக்கு வர முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு புளி மூட்டையின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம். மாட்டு வண்டியில் வந்து தர்மபுரி கூட்ஸ் ஷெட்டில் இறங்குகிறது. எடை போட்டு, ரசீது போட்டு, சின்ன வேகனில் ஏற்றுகிறார்கள். மொரப்பூர் வந்ததும் இறக்குகிறார்கள். மறுபடி எடை. தர்மபுரியில் இருந்த எடை மொரப்பூரில் இல்லை. வழியில் காய்ந்துவிட்டது என்கிறார் கிளார்க். முப்பது கிலோமீட்டரில் அவ்வளவு காயுமா என்று வியாபாரி கேட்கிறார். சித்திரை வெயில் ஐயா என்கிறார் கிளார்க். பெரிய வேகன் வரும்வரை மூட்டை ஷெட்டில் கிடக்கிறது. தங்கினால் வாடகை. மழை வந்தால் நனைகிறது, எடை கூடுகிறது, கூடிய எடைக்குக் கட்டணம். கடைசியில் சென்னை கொத்தவால் சாவடியில் அதை வாங்கி ரசம் வைத்தவருக்கு, அந்த ரசத்துக்குள் எத்தனை பேரின் கைரேகை இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

அகலம் மாறுகிற இடத்தில் சரக்கை மாற்றி ஏற்றுவது உலகம் முழுக்க ரயில்காரர்களுக்குத் தலைவலி. சிலவேளை அதில் ஊருக்குப் பிழைப்பும் உண்டு, சுமை தூக்கிக் கூலி வாங்க ஆள் வேண்டுமே. ஆனால் முப்பது கிலோமீட்டர் பாதைக்கு இந்தச் சடங்கைச் செய்தால், இந்தத் தொல்லைக்கு மாட்டையே மொரப்பூர் வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்று வண்டிக்காரனுக்குத் தோன்றாமல் இருக்குமா? இந்த ரயிலின் எமன் அது பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டான்.

பெற்றவர்களும் அதிக நாள் பக்கத்தில் இல்லை. மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் முடிந்து, 1908இல் சொத்தைப் பங்கு பிரித்தார்கள். ஜோலார்பேட்டைக்குத் தெற்கே உள்ள பாகம் சவுத் இந்தியன் ரயில்வே கைக்குப் போனது. அவர்களோ பெரும்பாலும் மீட்டர் பாதைக்காரர்கள். அகலப் பாதையே அவர்களுக்கு அந்நியம், அதிலிருந்து கிளை பிரிந்த இரண்டரை அடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு வயசுக் குழந்தை சித்தி வீட்டுக்குப் போன கதை.

இருந்தும் அது வளர்ந்தது. 1913இல் தர்மபுரிப் பாதை ஓசூர் வரை நீண்டது. ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பரில், பஞ்சத்தின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது பிறந்த ஒரு பையன் அப்போது சேலத்தில் பெரிய வக்கீல், வயசு முப்பத்துநான்கு. பெயர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாகப் போகிறவரின் ஊர்ப்பக்கம் ரயில் வருவதற்கே அவர் வக்கீலாக வேண்டியிருந்தது என்றால் மற்றவர்கள் பொறுமையாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

இந்த ரயில் ஓடிய காலத்தில் தர்மபுரிக்குப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா இருந்தார். சிறையில் பிடித்த தொழுநோயோடு வெளியே வந்தவர். தொற்றுநோய்க்காரர் ரயிலில் ஏறக்கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய் மேடையேறினார், 1925இல் பாப்பாரப்பட்டியிலேயே இறந்தார். புளிக்கு இருந்த டிக்கெட் சிவாவுக்கு இல்லை. இதை நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை.

1930களில் ரோட்டில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பஸ். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் விட்ட பஸ் வெற்றி பெற்றதைப் பார்த்து மாகாணம் முழுக்கப் பலர் பஸ் வாங்கினார்கள். வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும், சந்தை வாசலில் இறக்கிவிடும், கோழியைக் கூடையோடு உள்ளே விடும், கை காட்டினால் நிற்கும். ரயிலோ ஸ்டேஷனில்தான் நிற்கும், அதுவும் அதற்கு மனசு வந்தால். ரயில் கம்பெனிகள் தேசம் முழுக்க, பஸ்காரன் எங்கள் வயிற்றில் அடிக்கிறான் என்று மனு எழுதின. சர்க்கார் 1933இல் அதற்கும் ஒரு அறிக்கை வாங்கியது. அறிக்கைக்கு மட்டும் இந்தத் தேசத்தில் பஞ்சம் வந்ததே இல்லை.

பிறகு ஹிட்லர் கிளம்பினார். தர்மபுரிக்கும் ஹிட்லருக்கும் என்ன பகை என்று கேட்காதீர்கள். போருக்கு இரும்பு வேண்டும், மத்தியக் கிழக்கில் படைக்குச் சரக்கு கொண்டுபோகத் தண்டவாளம் வேண்டும். இந்தியாவில் நஷ்டத்தில் ஓடுகிற கிளைப் பாதைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். மொரப்பூர் - தர்மபுரிப் பாதை 1941இல் மூடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் காரணம் நஷ்டம். பஞ்சத் தடுப்பு ரயில் என்றால் நஷ்டம் வரும் என்று தெரிந்துதானே போட்டீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கிருஷ்ணகிரிப் பாதையும் போனது. இரண்டே வருஷத்தில், 1943இல், வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் மாண்டார்கள். பஞ்சத்தைத் தடுக்கும் ரயில்களைப் பெயர்த்துப் போருக்கு அனுப்பியவர்கள் அப்போதும் ஒரு கமிஷன் போட்டார்கள்.

சுதந்திரம் வந்தது. சேலம் ஜில்லாவைப் பிரித்து 1965இல் தர்மபுரி ஜில்லா பிறந்தது. அப்போது ஜில்லாத் தலைநகருக்கு ரயில் இல்லை. 1960களின் இறுதியில்தான் சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ரயில் வந்தது. அகலப் பாதையா? இல்லை. பழைய இரண்டரை அடியா? அதுவும் இல்லை. இந்தத் தடவை மீட்டர் பாதை, ஆயிரம் மில்லிமீட்டர். 1990களில் அதையும் பெயர்த்து அகலப் பாதையாக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே ஊரில் 762, 1,000, 1,676. ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுசாக அளவெடுத்து, ஒரு தடவையும் சரியான சட்டையைச் சரியான நேரத்தில் கொடுக்காத தையல்காரரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஓசூரில் இதற்குள் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. 1971இல் பிறந்த சிப்காட், ஓசூரில் நிலத்தை வளைத்துத் தொழிற்பேட்டை போட்டது. மேட்டு நிலம், பெங்களூர் பக்கத்தில், வெயில் குறைவு, வரிச் சலுகை. கம்பெனிகள் வந்தன. யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள், சிரிக்காமல் இருங்கள் பார்க்கலாம். அசோக் லேலண்ட் வந்து லாரி செய்தது. ரயில் சரக்குக்கு வழியில்லாத ஊரில் லாரித் தொழிற்சாலை வைப்பதைவிடப் புத்திசாலித்தனம் எது? பஸ்ஸை விட்டுக் கிளை ரயில்களின் வயிற்றில் அடித்த அதே டி.வி.எஸ். குடும்பம் 1980இல் ஓசூரிலிருந்து 50 சிசி மொபெட்டை வெளியே விட்டது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்று அர்த்தம். அப்புறம் டைட்டன் வந்து கைக்கடிகாரம் செய்தது. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் கடிகாரத்துக்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று கணித்த மேனேஜர் யாரோ தெரியவில்லை, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

மீட்டர் பாதைக் காலத்தில் ஓசூர்த் தொழிற்பேட்டையின் நிலைமை, பழைய புளி மூட்டையின் நிலைமைதான். இரும்புத் தகடு அகலப் பாதையில் வரும், நடுவில் எங்கோ இறக்கி ஏற்ற வேண்டும். தொழிற்சாலைக்காரன் புளி வியாபாரி அல்ல, எடை ஏன் குறைந்தது என்று கிளார்க்கோடு பேசிக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை. லாரியை வரச் சொன்னான். அகலப் பாதை வந்து சேர்ந்தபோது லாரிக்காரர்கள் ஊரில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். ஒரு தடவை ரோட்டுக்குப் போன சரக்கை ரயிலுக்குத் திருப்புவது சாதாரண வேலை இல்லை. தொழிற்சாலை வாசல்வரை சைடிங் வேண்டும், ஒரே நேரத்தில் ஒரு முழு ரேக்குக்குச் சரக்கு சேர வேண்டும், வந்த வேகனைக் கெடு நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும். லாரிக்கு ஒரு போன், ஒரு டீ.

ஆனாலும் கணக்கு ரயில் பக்கம்தான். ஒரு முழு சரக்கு ரயில் சுலபமாக 2,500 டன் இழுக்கும். 25 டன் லாரி என்று வைத்துக்கொண்டால் நூறு லாரி. அந்த நூறு லாரியும் தொப்பூர் கணவாயில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு ரயிலின் அருமை தெரியும். பிரேக் பிடிக்காத லாரியைப் பற்றித் தொப்பூரில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

அதனால்தான் தர்மபுரிக்காரர்கள் மொரப்பூர் இணைப்பைக் கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் கேட்டார்கள். எல்லாக் கட்சியும் கொடுத்தது, வாக்குறுதியாக. கடைசியில் 2016-17 ரயில்வே திட்டத்தில் 36 கிலோமீட்டருக்கு 358.95 கோடி ரூபாய் என்று ஒரு வரி ஏறியது. புதிய பாதை என்று பெயர். முப்பாட்டன் ஏறிய ரயிலை 'புதிய' என்று சொல்ல ரயில்வேக்குத்தான் தைரியம் வரும். 2019 மார்ச் மாதத்தில் தர்மபுரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறவர்கள் டெம்பிளின் ஓரணாப் படியையும் நம்பியிருப்பார்கள். இந்தப் பாதையால் லாபம் யாருக்கு, கொண்டு வந்தது யார் என்று போஸ்டர் யுத்தம் நடந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் கொண்டு வந்திருந்தார்கள். ரயில் மட்டும் வரவில்லை.

அடுத்தது நிலம் எடுக்கும் படலம். 1906இல் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை, கலெக்டர் துரை கை காட்டினால் முடிந்தது. இப்போது நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்கு வக்கீல் இருக்கிறார், வக்கீலுக்கு வாய்தா இருக்கிறது. வருஷங்கள் அதிலேயே போயின. நிலம் கொடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தன் கிணற்றையும் தென்னையையும் கொடுத்துவிட்டு, எப்போது வரும் என்று தெரியாத ரயிலுக்கு வழி விடச் சொன்னால் யார்தான் கேள்வி கேட்காமல் இருப்பார்கள்? இந்த ஊர் ஒரு தடவை ரயிலைப் பறிகொடுத்த ஊர்.

இதில் சிப்காட்டும் வந்து சேர்ந்தது. அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஹள்ளிப் பக்கம் சுமார் 1,700 ஏக்கரில் தர்மபுரிக்கென்று தொழிற்பூங்கா என்று அறிவித்தார்கள். ரயில் இணைப்பு வந்தால் கம்பெனிகள் வரும் என்று சிப்காட் பக்கம் பார்க்கிறது. கம்பெனிகள் வந்தால் ரேக் நிறையும், ரேக் நிறைந்தால் பாதைக்கு நியாயம் கிடைக்கும் என்று ரயில்வே சிப்காட் பக்கம் பார்க்கிறது. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் முதலில் யார் போன் பண்ணுவது என்று காத்திருக்கும் நேரத்தில் அதியமான் கோட்டையிலேயே இரண்டு பரம்பரை கழிந்துவிடும்.

நிர்வாகத்தில் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தர்மபுரியோ, தமிழ்நாட்டு ஜில்லாத் தலைநகராக இருந்துகொண்டே, ஹூப்ளியில் தலைமையகம் வைத்திருக்கும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டம். பழைய ரயில் மொரப்பூரில் அகலம் மாறியது. புது ரயில் அகலம் மாறாமல் மண்டலம் மாறும். மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டாம், கோப்பை இறக்கி ஏற்றினால் போதும்.

கிருஷ்ணகிரியைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1905இல், தர்மபுரிக்கு ஒரு வருஷம் முன்பே ரயில் பார்த்த ஊர். 2004இல் தனி ஜில்லா ஆனது. மாங்கூழ் ஆலைகள், கிரானைட், பர்கூரில் சிப்காட், போச்சம்பள்ளியில் 2021 முதல் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை. கேட்டால் உலகத்தின் மிகப் பெரிய இருசக்கர வாகனத் தொழிற்சாலையாக்கப் போகிறோம் என்றார்கள். நாலாப் பக்கமும் தேசிய நெடுஞ்சாலை வந்து முட்டும் ஊர், சுங்கச்சாவடியில் வண்டி நிற்கிற வரிசையைப் பார்த்தாலே ஊரின் வளம் தெரியும். நகரத்துக்கு ரயில் நிலையம் மட்டும் கிடையாது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போடலாமா என்று ஆய்வு நடந்தது. லாபம் வராது என்று முடிந்தது. மறுபடி ஆய்வு. அப்புறம் இறுதி ஆய்வு என்றார்கள். ரயில்வேயில் இறுதி ஆய்வுக்குப் பிறகும் ஆய்வு உண்டு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள், கருவியை முக்காலியில் நிறுத்துகிறார்கள், மாந்தோப்புக்காரரிடம் இளநீர் வாங்கிக் குடிக்கிறார்கள், கல் நட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். ரயில்பாதைக்கு அளவெடுக்க வருகிற அவர்களும் கிருஷ்ணகிரிக்கு ஜீப்பில்தான் வந்து போகிறார்கள்.